பினாங்கு வெயிலில் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஜார்ஜ்டவுனில் நடப்போம். சிலர் கையில் கேமரா, சிலர் கையில் கைப்பேசி. ஃப்ளாஷ் கிடையாது, விளக்கு கிடையாது, கிடைக்கிற வெளிச்சத்தில் எடுப்பதுதான் ஏற்பாடு. யாரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. ஒருவர் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை, ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நான் கணக்கு எழுதுகிறவன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

பொன்வெயில் நேரம் (சூரியன் தாழ்ந்து எல்லாம் மஞ்சளாகத் தெரியும் நேரம்) என்கிறார்களே, நம் ஊரில் அது எத்தனை மணிக்கு?

இதில்தான் எல்லோரும் முதலில் ஏமாறுகிறோம். ஐரோப்பாக்காரர் சொல்லித் தரும் காணொளியைப் பார்த்துவிட்டு, "சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவோம். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து மெதுவாக இறங்கும். இங்கே, 5 பாகை வட அகலாங்கில், கிணற்றில் வாளி விட்டதுபோல நேராக இறங்குகிறது. அடிவானத்துக்கு 6 பாகை மேலே நிற்கும் சூரியன் மறைய 25 நிமிடம் போதும். அந்த 25 நிமிடம்தான் நமக்கு உண்மையான பொன்வெயில்.

அதிலும் ஜார்ஜ்டவுனில் நிற்பவர்களுக்கு இன்னொரு வெட்டு உண்டு. நகரத்துக்கு மேற்கே கொடிமலை நிற்கிறது. சூரியன் கடலில் விழுவதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். நிற்கும் இடத்தைப் பொறுத்து, நாள்காட்டி சொல்லும் மறைவு நேரத்துக்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்பே தெருவில் மஞ்சள் வெளிச்சம் போய்விடும். மாலைப் பொன்வெயில் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவ் பக்கத்துக் கடற்கரைகளுக்குப் போகவேண்டும். நகரத்துக்குள் என்றால் காலையை நம்புங்கள்.

காலை என்றால் எத்தனை மணி? ஆறு மணிக்கே வரவா?

ஆறு மணிக்கு வந்தால் இருட்டில் கொசுக்கடிதான். நம் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. மலேசிய நேரம் 120 பாகை கிழக்கு நெடுவரையை வைத்து ஓடுகிறது. பினாங்கோ 100 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 80 நிமிட வித்தியாசம். ஆகவே இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு வராது, சராசரியாக 1.20க்குத்தான் வரும். நவம்பர் தொடக்கத்தில் 1 மணியை ஒட்டி வரும், பிப்ரவரி நடுவில் 1.30ஐத் தாண்டும். என் அப்பா வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: தீபகற்பத்தின் கடிகாரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அரை மணி முன்னால் தள்ளினார்கள். 1982 சனவரி 1 முதல் நாம் இந்த நேரத்தில் இருக்கிறோம்.

பொங்கல் காலத்தில் சூரியன் 7.30ஐ ஒட்டித்தான் எழும். நவம்பரில் 7 மணி வாக்கில் எழும். அதற்கு அரை மணி முன்னால் வந்து, முதல் கோப்பியைக் குடித்துவிட்டு நின்றால் போதும்.

கதிரவன் எழுவதை எங்கிருந்து எடுக்கலாம்?

வெல்ட் கீ ஓரத்துப் படகுத்துறைக் குடியிருப்புகள் கிழக்கே பார்த்தவை. நீரிணைக்கு அப்பால் பெருநிலத்துக்கு மேலே சூரியன் எழும். அவற்றில் ஒன்றான சியூ ஜெட்டியின் மரப்பலகைகள் ஈரமாக இருந்தால் வானம் காலடியில் இறங்கிக் கிடக்கும். ஆனால் அது சுற்றுலாவுக்குக் கட்டியது அல்ல, ஆட்கள் வாழும் வீடுகள். விடியற்காலையில் பலகையில் தடதடவென்று ஓடாதீர்கள். திறந்திருக்கும் கதவுக்குள் லென்சை நீட்டாதீர்கள்.

குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் கோபுரம் எப்போதும் வெளிறிப்போய் விழுகிறதே?

நீங்கள் பிற்பகலில் போயிருப்பீர்கள். 1833இல் எழுந்த அந்தக் கோவிலின் முகப்பு கிழக்கே பார்த்தது. காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் பக்கவாட்டில் வெயில் பட்டு ஒவ்வொரு சிலையும் தன் நிழலோடு தனியாகப் பிரிந்து நிற்கும். பிற்பகலில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது முகப்பு நிழலில், வானம் வெளிச்சத்தில். கேமரா இரண்டையும் சமாளிக்கப் பார்த்து இரண்டையும் கெடுக்கும்.

இது கோபுரத்துக்கு மட்டும் இல்லை. எந்தக் கட்டடத்தை எடுக்கப் போனாலும் முதலில் அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் கிழக்கு மேற்காக ஓடுவதால் காலையிலும் மாலையிலும் வெயில் தெரு நீளத்துக்குப் பாயும். குறுக்கே ஓடும் குவீன் ஸ்திரீட்டில் காலையில் ஒரு பக்க அஞ்சடியில் (கடை முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதை) வெயில், பிற்பகலில் எதிர்ப்பக்கத்தில். பூக்கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் எப்போது போகவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உச்சிவெயிலில் எடுக்கவே கூடாதா?

கூடாது என்று சொல்கிறவர்கள் சனி, ஞாயிறு முழுக்க விடுமுறை உள்ளவர்கள். மதிய உணவு இடைவேளையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் அந்த வெயிலுக்கு ஏற்ற பொருளைத் தேடுங்கள்.

முகத்துக்கு அது ஆகாது, உண்மைதான். தலைக்கு மேலிருந்து விழும் வெயிலில் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் மீசைபோல உதட்டில் விழும். ஒரு சுலபமான அளவு: தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே நிற்கிறது. பினாங்கில் பெரும்பாலான மாதங்களில் இது காலை பத்தரை முதல் மாலை நாலு, நாலரை வரை. அந்த நேரத்தில் ஆட்களை நிழலுக்கு இழுத்துவிடுங்கள்.

ஆனால் சுவர், படிக்கட்டு, சன்னல் கம்பி, காய வைத்த மிளகாய், சைக்கிள் சக்கரம், இவற்றின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுவது அப்போதுதான். கறுப்பு வெள்ளைக்கு அதைவிட நல்ல வெயில் இல்லை. ஏப்ரல் 3ஐ ஒட்டியும் செப்டம்பர் 9ஐ ஒட்டியும் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்பது இதுதான். ஒன்றே காலுக்கு மேல் ஒரு கம்பத்தடியில் போய் நில்லுங்கள், நிழல் கம்பத்தின் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். போன செப்டம்பரில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. குடையோடு நின்று திட்டு வாங்கியதுதான் மிச்சம், ஏனென்றால் அலுவலகத்துக்கு அரை மணி தாமதம்.

அஞ்சடியில் எடுத்தால் நன்றாக வருகிறது என்கிறார்கள். ஏன்?

கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நம் ஊர் நமக்கு இலவசமாகக் கட்டிக் கொடுத்த ஸ்டுடியோ. மேலே கூரை இருப்பதால் தலைவெயில் இல்லை. முன்னால் வெயில் காயும் சாலை ஒரு பெரிய வெள்ளைத் தட்டுபோல வெளிச்சத்தைக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உள்ளே தள்ளும். கண்குழியில் இருட்டு நிற்காது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெயில் கோட்டுக்கு ஒரு காலடி உள்ளே, முகம் சாலையைப் பார்த்து. இன்னும் இரண்டு காலடி உள்ளே போனால் வெளிச்சம் மந்தமாகும், ஆனால் முகத்தின் ஒரு பக்கம் மெல்ல இருண்டு வடிவம் கூடும். வயதானவர்களுக்கு நான் இந்த இரண்டாவது இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். சுருக்கத்தை மறைக்கவேண்டிய தேவை இல்லை.

ஓர் எச்சரிக்கை: பச்சைச் சுவரடியில் நின்றால் தாடையில் பச்சை ஏறும். நீலச் சுவர், சிவப்புக் குடை, பக்கத்தில் நிற்பவரின் மாம்பழ மஞ்சள் புடவை, எல்லாம் முகத்தில் நிறம் பூசும். பிறகு கணினியில் அதை எடுப்பதைவிட இரண்டு அடி நகர்வது எளிது.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. இங்கே என்ன ஒளி இருக்கப்போகிறது?

ஒரு சன்னல் போதும். நான் இருப்பதும் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடுதான்.

முதலில் குழல்விளக்கை அணையுங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. சன்னல் வெளிச்சம் ஒரு நிறம், குழல்விளக்கு இன்னொரு நிறம்; இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்தக் கேமராவுக்கும் குழப்பம். அணைத்ததும் "ஐயோ, இருட்டு" என்பீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும்.

அடுத்து, ஆளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். சன்னலை ஒட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் மென்மையாக முகத்தைச் சுற்றி வரும், பின்சுவர் இருண்டுவிடும். ஆளைச் சுவருக்கு அருகே தள்ளினால் முகமும் சுவரும் ஒரே வெளிச்சத்துக்கு வந்து படம் தட்டையாகும். சன்னலின் அளவு மாறவில்லை. முகத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. பெரிதாகத் தெரியும் ஒளி மென்மை, சிறிதாகத் தெரியும் ஒளி கடுமை. சூரியன் உண்மையில் எவ்வளவு பெரிதாக இருந்தும் வானத்தில் அரைப் பாகைப் பொட்டாகத் தெரிவதால்தான் அதன் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடினால் வானம் முழுக்க ஒரே விளக்காகிவிடும், நிழல் கரைந்துவிடும்.

நேர்வெயில் சன்னலில் அடித்தால் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். முகத்தின் இருண்ட பக்கத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) அட்டையில் ஒட்டிப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வரும். ஆசிரியை ஒருவர் எங்களோடு நடப்பதால் தாளுக்குப் பஞ்சமில்லை.

கறுத்த முகம் படத்தில் இன்னும் இருட்டாகிறது, இல்லையென்றால் சாம்பல் பூத்துப்போகிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்வியைச் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்கவேண்டாம், குறை உங்கள் நிறத்தில் இல்லை.

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பலாகக் காட்டப் பார்க்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு ஒருவர் நின்றால் வெள்ளையை அடக்குவதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் காணாமல்போகும். இருண்ட கடைக்கு முன்னால் நின்றால் நேர்மாறாக எல்லாவற்றையும் ஏற்றிவிடும். அதனால் திரையில் முகத்தைத் தொட்டு ஒளி அளவை எடுங்கள், சட்டையைத் தொடாதீர்கள். பிறகும் முகம் இருந்ததைவிட வெளுப்பாகத் தெரிந்தால் அரை நிறுத்தம் (வெளிச்ச அளவின் அரைப் படி, 'ஸ்டாப்') குறையுங்கள். கறுப்பைக் கறுப்பாக எடுப்பதுதான் சரியான அளவு.

ஃபிலிம் காலத்தில் கதை இன்னும் மோசம். ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோலுக்கு ஒத்துவந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். பழைய கல்யாண ஆல்பங்களில் மாமாவின் பல் மட்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசம் உண்டு. கறுத்த தோல் ஒளியை மினுக்கமாகத் திருப்பித் தரும். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு ஆகியவற்றில் ஓடும் அந்த மினுக்கம்தான் முகத்துக்கு வடிவம் கொடுப்பது. பெரிய சன்னலையோ அஞ்சடி வெளிச்சத்தையோ பக்கவாட்டில் வைத்தால் அது அழகாக ஓடும். பவுடரை அப்பி அதை அணைத்துவிட்டு, பிறகு அழகூட்டும் செயலியில் வெளுக்க வைப்பதுதான் சாம்பலுக்குக் காரணம். செயலியை முதலில் நிறுத்துங்கள்.

கைப்பேசி போதுமா?

போதும். லென்சைச் சட்டையில் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்சில் எதிர்வெயில் எடுத்தால் படம் முழுக்கப் பனிமூட்டம். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம். நிழலுருவம் எடுக்க நினைக்கும்போது எச்டிஆரை (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஆசையாக இருட்டாக்கிய இடத்தை அது கடமையாக வெளிச்சமாக்கும்.

கேமராவில் கைமுறையாக வைக்க ஏதாவது எண் சொல்லுங்கள்.

மேகமில்லாத வெயிலில் லென்சின் துளை எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 என்றால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/125 நொடி. மேகம் மூடினால் எஃப்/8. திறந்த நிழலில் எஃப்/4. இது பழைய ஃபிலிம்காரர்களின் கணக்கு, இன்றும் பொய்ப்பதில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு 1/250க்குக் கீழே இறங்காதீர்கள்.

மாலையில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் படத்தில் வருவதில்லையே?

தானியங்கி வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் திருத்தும் வசதி) அதைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. 'வெயில்' என்ற அமைப்பில் வையுங்கள். மஞ்சள் மஞ்சளாகவே வரும்.

பொங்கல் பானை ஆவி, சாம்பிராணிப் புகை, தே தாரிக் நுரை, இவையெல்லாம் எப்படி எடுப்பது?

எதிர்வெளிச்சம், பின்னால் இருட்டு. இரண்டும் சேரவேண்டும்.

ஆவியும் புகையும் முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் மங்கலான அழுக்காகத்தான் தெரியும். பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு துளியும் ஒளியை உங்கள் பக்கம் சிதறவிடும். பொங்கலன்று கிழக்கே பார்த்து அடுப்பு வைக்கிறோம். பானைக்கு இந்தப் பக்கம், மேற்கே நின்று சூரியனை நோக்கி எடுங்கள். சூரியன் லென்சில் நேராக விழாதபடி பானையாலோ அத்தையின் தோளாலோ மறைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருண்ட மரமோ நிழலில் நிற்கும் சுவரோ இருந்தால் ஆவி வெள்ளிபோல எழும். (கேமராவின் கண்ணாடி வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.)

தே தாரிக்குக்கும் (உயரத்தில் இழுத்து ஆற்றும் தேநீர்) அதே கணக்குதான். மாமாக் கடையின் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்பக்கம் இருட்டு, வாசல் பக்கம் வெளிச்சம். வாசலை ஒட்டித் தேநீர் இழுப்பவர் நின்றால் நீங்கள் பக்கவாட்டில் போய், பின்னணியில் கடையின் இருட்டு வரும்படி நில்லுங்கள். இழுக்கும் தேநீர் பொற்கயிறாக வரும். ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டால் இன்னும் உயரமாக இழுத்துக் காட்டுவார்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களுக்கு: 513 படி ஏறும் முகங்களைக் காலையில் எடுங்கள். மலையடிவாரம் என்பதால் மாலையில் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும். காவடி எடுப்பவரின் பாதையை மறிக்காதீர்கள், அவ்வளவுதான்.

தீபாவளி அகல்விளக்கை எடுத்தால் விளக்கு மட்டும் தெரிகிறது, வீடு கறுப்பாகிவிடுகிறது.

முழு இருட்டுக்குக் காத்திருப்பதுதான் தவறு. சூரியன் மறைந்ததும் வானத்தில் ஒரு நீலம் தங்கும். நமக்கு அது 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தீபாவளிக் காலத்தில் 7 மணியை ஒட்டிச் சூரியன் மறையும். 7.10 முதல் 7.20 வரை வான்நீலமும் விளக்கின் மஞ்சளும் ஒரே அளவுக்கு வந்து நிற்கும். அம்மாவிடம் கெஞ்சி விளக்கைப் பத்து நிமிடம் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள்.

மழையும் புகைமூட்டமும் இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடவா?

மழை விட்டதும் ஓடுங்கள். தூசி கழுவப்பட்ட சுவர்கள், ஈரத் தரை, மேகத்தின் ஒரு கிழிசலில் வரும் வெயில், எல்லாம் பத்து நிமிடம்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். அதை வைத்துத் திட்டமிடலாம்.

புகைமூட்டம் வேறு. சுமத்ராவில் காடும் சதுப்புநிலமும் எரியும் வறண்ட மாதங்களில் சூரியன் சிவந்த தட்டாகத் தெரியும், தொலைவுகள் வெளிறி அடுக்கடுக்காகப் பிரியும். படத்துக்கு அழகுதான். ஆனால் நான் அந்த நாட்களில் வெளியே போவதில்லை, எனக்கு மூச்சிரைப்பு. காற்றின் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்சில் நீர் பூக்கிறது.

பைக்குள்ளேயே அரை மணி வைத்து வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். துடைத்துக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்பப் பூக்கும். பெரிய ஆபத்து பூஞ்சை. என் முதல் லென்சை அலமாரியில் துணியில் சுற்றி வைத்து ஓராண்டில் உள்ளே சிலந்திவலைபோல வளரவிட்டேன். பழுதுபார்க்கக் கேட்ட தொகைக்கு வேறொன்றே வாங்கிவிட்டேன். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. விலை உயர்ந்த பெட்டி பிறகு வாங்கலாம்.

ஒளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஏதாவது பயிற்சி?

ஓர் எவர்சில்வர் சொம்பு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதைச் சன்னலோரம் வைத்தால் அறையில் எந்தெந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது, எது பெரிது, எது சிறிது என்று அதன் வளைவில் எல்லாம் தெரியும். மனிதக் கண்ணின் பாப்பாவில் தெரிவதும் அதே படம்தான், சொம்பில் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு விடுமுறை நாளில் அதை அசைக்காமல் வைத்துக் காலை 7.30 முதல் இரண்டு மணிக்கொரு தடவை எடுங்கள். கேமராவும் அதே இடம், அதே அமைப்பு. நான் செய்தபோது எங்கள் சமையலறைக்கு நேர்வெயில் வருவதே இல்லை என்று நம்பியிருந்தேன். 3.30 படத்தில் சொம்பின் பக்கவாட்டில் ஒரு பளிச்சென்ற கோடு. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி சன்னல் ஒன்று வெயிலைத் திருப்பி எங்கள் வீட்டுக்குள் பன்னிரண்டு நிமிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு ஆண்டாக அந்த வீட்டில் இருக்கிறேன். அடுத்த நாளே அம்மாவை அந்த நேரத்தில் அங்கே உட்கார வைத்துக் கீரை ஆயச் சொன்னேன். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அது.

கொடிமலைக்குப் போய் எடுக்கலாமா?

தாராளமாக. 1923 முதல் மலை ரயில் ஓடுகிறது. ஆனால் மறைவைப் பார்க்கவென்று போய் ஏமாறாதீர்கள், மேலே நகரத்தைப் பார்க்கும் முகப்பு கிழக்குப் பக்கம். அங்கிருந்து மாலையில் பார்க்கவேண்டியது வேறொன்று: சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்க இறங்க, மலையின் நிழல் ஆயர் ஈத்தாமை மூடி, பிறகு நகரத்தின் கூரைகளை ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் நீரிணைக்குள் இறங்கும். பெருநிலத்தின் மேல் மட்டும் சற்று நேரம் வெயில் மிஞ்சும். மேகம் வந்து மூடுவதும் அடிக்கடி நடக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கீழேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.